எல்லாச் சிறப்பும் ஒரே விமானத்தில் அமையுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

நமது விம்கோ நகருக்கு அப்பெயரைத் தந்தது ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை என்பதை யாவரும் அறிவோம். அந்தச் சிறிய தீப்பெட்டியில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. முற்காலத்துத் தீக்குச்சிகளை எந்தச் சொரசொரப்பான இடத்தில் உரசினாலும் தீப்பற்றும். அது வசதிதான். ஆனால் சட்டைப் பையில் உரசினாலும் அது பற்றிக்கொள்ளும்! பின்னர் வந்த பாதுகாப்புத் தீக்குச்சியில் பாஸ்பரஸைக் குச்சியின் தலையில் வைக்காமல், சிவப்புப் பாஸ்பரஸாகப் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார்கள். பெட்டி கையில் இல்லாவிட்டால் குச்சி எளிதில் பற்றாது. ஒரு வசதியைக் கொடுத்து ஒரு பாதுகாப்பை வாங்கினார்கள்.

மனிதன் செய்யும் எந்தப் பொருளிலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல் உண்டு. நெடுந்தூரம் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. மெட்ரோ ரயிலின் நீல வழித்தடம் 2021-ஆம் ஆண்டு நம் ஊர் வரை நீட்டிக்கப்பட்டது. அதன் ஒரு முனையில் நாம் இருக்கிறோம்; மறு முனையில் சென்னை விமான நிலையம் இருக்கிறது. அங்கே வந்திறங்கும் விமானங்களில் சிலவற்றின் உள்ளே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு நடைபாதைகள் இருக்கும். அவற்றை அகன்ற உடல் விமானங்கள் என்பார்கள். அவற்றுள் எது சிறந்தது என்று பலரும் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூரம் கூடினால் சுமையும் கூடும்

காசிமேட்டிலிருந்து பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் புறப்படும் விசைப்படகை எண்ணிப் பாருங்கள். அதிக தூரம் போக அதிக டீசல் வேண்டும். பிடித்த மீன் கெடாமலிருக்க அதிக ஐஸ் வேண்டும். ஆட்களுக்கு அரிசியும் தண்ணீரும் வேண்டும். இவற்றை ஏற்ற ஏற்ற மீன் வைக்கும் இடம் சுருங்கும். படகின் பாரம் கூடுவதால் டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

விமானத்தின் நிலையும் இதுவே. ஏர் இந்தியா நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வாங்கத் தொடங்கிய போயிங் 777-200 எல்.ஆர். என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே அமைக்கப்பட்ட வகை அது. ஆட்களும் எரிபொருளும் இல்லாத அதன் வெற்று எடை ஏறக்குறைய 145 டன். அதன் தொட்டிகளை முழுவதும் நிரப்பினால் சுமார் 1,81,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடையும் ஏறக்குறைய 145 டன்! விமானம் தன் எடைக்குச் சமமான எரிபொருளைத் தானே தூக்கிக்கொண்டு பறக்கிறது. அதில் இருந்த பயணிகள் இருக்கைகளோ 238 மட்டுமே. ஒருவருக்குப் பெட்டியுடன் சேர்த்து 100 கிலோ என்று வைத்தாலும் 24 டன்தான் வரும். 24 டன் மனிதரைக் கொண்டுசேர்க்க 145 டன் எரிபொருள்!

பயணத்தின் முதல் சில மணி நேரத்தில் எரியும் எரிபொருளில் ஒரு பகுதி, பின்னால் தேவைப்படும் எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. ஆகவே தூரம் இரு மடங்கானால் எரிபொருள் இரு மடங்கிற்கும் அதிகமாகத் தேவைப்படும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-இல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதிக்கு இடைநில்லா விமானத்தை மீண்டும் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். இதற்கென ஏர்பஸ் ஏ350-900 விமானத்தின் எரிபொருள் ஏற்பாட்டை மாற்றி, 1,41,000 லிட்டருக்குப் பதில் 1,65,000 லிட்டர் கொள்ளும்படி செய்தார்கள். அதே நிறுவனத்தின் மற்ற நெடுந்தூர ஏ350 விமானங்களில் 253 பேர் அமரலாம். இதில் 161 பேருக்கே இடம். சாதாரண வகுப்பு இதில் இல்லவே இல்லை. தூரத்தை வாங்கினார்கள், 92 இருக்கைகளைக் கொடுத்தார்கள்.

காற்றும் இந்தக் கணக்கில் சேரும். தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2015-இல் தொடங்கிய விமானம் முதலில் அட்லாண்டிக் கடல் வழியே சென்றது. 2016-இல் பசிபிக் கடல் வழிக்கு மாற்றினார்கள். அவ்வழி ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். அதாவது பழைய வழியைவிடத் தூரம் அதிகம். ஆயினும் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நீண்ட வழியே குறுகிய நேரமாயிற்று. விந்தை அல்லவா?

எஞ்சின் நான்கா, இரண்டா?

ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானமான போயிங் 747, 'எம்பரர் அசோகா' என்ற பெயருடன் 1971-இல் வந்தது. அதற்கு நான்கு எஞ்சின்கள். அக்காலத்தில் கடல் கடந்து நெடுந்தூரம் செல்ல நான்கு எஞ்சின் இருப்பதே பத்திரம் என்று எண்ணினார்கள். இரண்டு எஞ்சின் விமானம் எந்த இடத்திலும் ஒரு விமான நிலையத்திலிருந்து 60 நிமிடப் பயணத்துக்கு அப்பால் செல்லக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் இருந்தது. ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றதைக் கொண்டு விரைவில் தரையிறங்க வேண்டும் அல்லவா?

ஆனால் நான்கு எஞ்சின் என்றால் பராமரிப்பும் நான்கு மடங்கு. உதிரிப் பாகங்களும் எண்ணெய் மாற்றுவதும் சோதனைகளும் நான்கு முறை. எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக விதியும் தளர்ந்தது. 1985-இல் 120 நிமிடம் வரை அனுமதி தந்தார்கள். பிறகு 180 நிமிடம் ஆயிற்று. 2014-இல் போயிங் 787-க்கு 330 நிமிடமும், ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடமும் கிடைத்தன.

இரண்டு எஞ்சின் என்றால் எல்லாம் லாபம்தானா? இல்லை. புறப்படும் வேளையில் ஓர் எஞ்சின் பழுதானாலும் விமானம் மேலெழும்பியாக வேண்டும். நான்கில் ஒன்று போனால் கால் பங்கு சக்தி குறையும். இரண்டில் ஒன்று போனால் பாதியே போய்விடும். ஆகவே இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒவ்வோர் எஞ்சினையும் தேவைக்கு மேல் வலிமையாகவே செய்தாக வேண்டும். 777-200 எல்.ஆர். விமானத்தின் எஞ்சின் முன்புற விசிறியின் விட்டம் 3.25 மீட்டர். நம் வகுப்பு மாணவியர் இருவரை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்தினாலும் அந்த உயரத்தை எட்டுவது அரிது!

பெரிய விசிறி அதிகக் காற்றை மெல்லத் தள்ளுவதால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் பெரிய எஞ்சினுக்கு எடை அதிகம். காற்று எதிர்ப்பும் அதிகம். அது தரையில் இடிக்காமலிருக்கச் சக்கரக் கால்களையும் நீளமாக்க வேண்டும். நீண்ட கால்களின் எடையும் சேர்ந்துவிடும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசைகிறது.

வயிற்றின் அகலம்

பயணிக்கு வேண்டியது தாராளமான இடம். விமானத்துக்கு வேண்டியதோ ஒல்லியான உடல். அகலம் கூடினால் காற்றைக் கிழித்துச் செல்வது கடினமாகும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற பழமொழி இங்கே மிகவும் பொருந்தும்.

பயணியர் அறையின் அகலம் போயிங் 777-இல் 5.87 மீட்டர், போயிங் 787-இல் 5.49 மீட்டர், ஏர்பஸ் ஏ350-இல் 5.61 மீட்டர். 787-க்கும் ஏ350-க்கும் உள்ள வேறுபாடு 12 சென்டிமீட்டர். இரண்டிலும் பெரும்பாலும் ஒரு வரிசைக்கு ஒன்பது இருக்கைகள். பன்னிரண்டை ஒன்பதால் வகுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1.3 சென்டிமீட்டர். இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். பதினைந்து மணி நேரம் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை இடித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

ஆயினும் இதை முடிவு செய்பவர் விமானத்தை வடிவமைத்தவர் மட்டுமல்லர். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் 787 விமானங்களில் வரிசைக்கு எட்டு இருக்கைகளே வைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் ஒன்பது வைத்தார்கள். அதுபோல 777-இல் ஏர் இந்தியா ஒன்பது வைத்தபோது, எமிரேட்ஸ் அதே அகலத்தில் பத்து வைத்தது. இருக்கை கூடினால் ஒவ்வொருவரின் பங்குச் செலவு குறையும். டிக்கெட்டின் விலையும் குறைய வழியுண்டு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையும் அண்ணனும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வீடு வர வேண்டுமென்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். முழங்கைக்கு இடமா, ஊருக்கு வர டிக்கெட்டா என்று கேட்டால் எல்லாரும் ஒரே விடையைச் சொல்ல மாட்டார்கள்.

அலுமினியமா, கரியிழையா?

கடற்காற்று என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் வீட்டு ஜன்னல் கம்பிகளும் சைக்கிள்களும் துருப்பிடிப்பதை நாள்தோறும் காண்கிறோம். அலுமினியம் இரும்பைப் போலச் செந்துருப் பிடிக்காது. ஆனாலும் ஈரத்தால் அரிக்கப்படும். அதனால்தான் அலுமினிய விமானங்களின் உள்ளே காற்றை மிகவும் உலர்ந்த நிலையில் வைத்திருந்தார்கள். நெடும்பயணத்தில் தொண்டை வறண்டு போவதற்கு அது ஒரு காரணம்.

787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய 50 சதவீதமும், ஏ350-இல் 53 சதவீதமும் கரியிழையைப் பசையால் இறுக்கிச் செய்த கலப்புப் பொருள்களாகும். இவை எடை குறைந்தவை, அரிக்கப்படாதவை, மீண்டும் மீண்டும் காற்றழுத்தம் ஏறி இறங்கினாலும் எளிதில் களைக்காதவை. எனவே பயணியர் அறையில் ஈரப்பதத்தையும் காற்றழுத்தத்தையும் கூட்ட முடிந்தது. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. இவற்றிலோ 6,000 அடி உயரத்தில் இருப்பது போன்றது. பயணம் முடிந்து இறங்கும்போது தலைவலியும் களைப்பும் குறைவு.

கொடுத்தது என்ன? அலுமினியத்தில் மின்னல் பாய்ந்தால் அது உடல் முழுதும் பரவி வெளியேறிவிடும். கரியிழை அவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மேற்பரப்பினடியில் மெல்லிய உலோக வலையைப் பதிக்க வேண்டியதாயிற்று. மேலும், ஏணியோ வண்டியோ மோதினால் அலுமினியத்தில் ஒடுக்கு விழும்; கண்ணுக்குத் தெரியும். கரியிழையில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். சிறப்புக் கருவிகளால் சோதிக்க வேண்டும்.

இதில் இரு நிறுவனங்களும் இரு வழி சென்றன. போயிங் 787-இன் உடலைப் பெரிய பீப்பாய்களைப் போல முழு வளையங்களாகச் செய்து இணைத்தது, இணைப்புகள் குறைந்தன. ஏர்பஸ் ஏ350-இல் சட்டங்களின் மேல் நீண்ட பலகைகளைப் பொருத்தியது. இணைப்புகள் கூடின, ஆனால் பழுதான பலகையைத் தனியே கவனிப்பது எளிது. இரண்டும் பறக்கின்றன, இரண்டும் நன்றாகவே பறக்கின்றன. 787-க்கான கலப்புப் பொருள் தரை உத்தரங்கள் நம் நாட்டு நாக்பூரில் செய்யப்பட்டன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

சிறகு நீண்டால் நிறுத்த இடம்?

நீண்ட, ஒல்லியான சிறகு எரிபொருளை மிச்சப்படுத்தும். வானில் இடத்துக்குப் பஞ்சமில்லை, தரையில்தான் பஞ்சம். உலக விமான நிலையங்களில் பெரும்பாலான பெரிய நிறுத்துமிடங்கள் 65 மீட்டருக்குக் குறைவான சிறகு வீச்சுக்கே அமைந்தவை. அதனால்தான் 777-200 எல்.ஆர்., ஏ350 ஆகிய இரண்டின் சிறகு வீச்சும் 64.8 மீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. போயிங்கின் புதிய 777 எக்ஸ் விமானத்தில் சிறகின் நுனியைக் கதவு போல மடக்க வழி செய்தார்கள். பறக்கும்போது ஏறக்குறைய 72 மீட்டர். மடக்கினால் 65-க்குள் அடங்கும். ஆனால் மடக்கும் கீலுக்கும் பூட்டுக்கும் எடை உண்டு. அவை பிசகாமலும் இருக்க வேண்டும்.

இரட்டை மாடி ஏர்பஸ் ஏ380-இன் சிறகு வீச்சு 79.8 மீட்டர். அதற்கென விமான நிலையங்களே மாற வேண்டியிருந்தது. 2007-இல் சேவைக்கு வந்த அது ஐந்நூறு பேரை ஒரே முறையில் ஏற்றியது, பயணிகள் விரும்பினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஐந்நூறு பேர் ஒரே ஊருக்குப் போக வேண்டுமே! பாதி காலியாகப் பறந்தால் நட்டம். 251 விமானங்களுடன் 2021-இல் அதன் உற்பத்தி முடிந்தது. திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் பெரிய பஸ் நிறையும்; சந்துக்குள் ஆட்டோதான் போகும். இரண்டும் வேண்டியவையே.

மூன்று விமானங்கள், ஒரு கணக்கு

ஏர் இந்தியா வாங்கிய மூன்று விமானங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். புறப்படும்போது இருக்கத்தக்க உச்ச எடையை இருக்கைகளால் வகுத்தால் ஓர் இருக்கைக்கு எத்தனை டன் என்று தெரியும்.

போயிங் 777-200 எல்.ஆர்.: 347 டன், 238 இருக்கை, ஓர் இருக்கைக்கு 1.46 டன்.

போயிங் 787-8 (2012-இல் வந்தது): 228 டன், 256 இருக்கை, ஓர் இருக்கைக்கு 0.89 டன்.

ஏர்பஸ் ஏ350-900 (2023 டிசம்பரில் வந்தது): 280 டன், 316 இருக்கை; ஓர் இருக்கைக்கு 0.89 டன்.

முதல் விமானத்தில் படுக்கை இருக்கைகள் அதிகம் என்பதும் இக்கணக்கில் சேரும் என்றாலும், 777-200 எல்.ஆர். தோற்றுவிட்டது என்றுதானே தோன்றுகிறது? ஏர் இந்தியாவும் எட்டு வாங்கி, அவற்றில் ஐந்தைப் பின்னர் எத்திஹாத் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. சென்னையிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். அத்தகைய தூரத்துக்கு அந்தக் கனத்த விமானம் வீண் செலவே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் இடைநில்லா விமானத்தை ஏர் இந்தியா இயக்கியது. தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். வழி வட துருவத்தின் மேலே. நேரம் சுமார் 17 மணி. 787-8 விமானத்தின் எல்லையோ ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். விற்காமல் வைத்திருந்த 777-200 எல்.ஆர். விமானங்களில் ஒன்றான 'கேரளா' அன்று கைகொடுத்தது. துருவத்தின் குளிரில் எரிபொருள் உறைந்துவிடாமல் அதன் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். வழியில் இறங்கத்தக்க நிலையங்களை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விமானத்தைச் செலுத்தியவர்கள் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள்! மாணவியராகிய நாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விட்டுக்கொடுக்கக் கூடாதது

இதுவரை கூறிய கொடுக்கல் வாங்கலில் ஒன்று மட்டும் சேரக் கூடாது. 787 விமானத்தில் எஞ்சினிலிருந்து சூடான காற்றை எடுப்பதற்குப் பதில் பல வேலைகளை மின்சாரத்தால் செய்தார்கள், எரிபொருள் மிச்சமாயிற்று. அதற்கென எடை குறைந்த லித்தியம் மின்கலங்களை வைத்தார்கள். 2013 ஜனவரியில் ஜப்பானிய நிறுவனங்களின் இரு விமானங்களில் அவை தீய்ந்தன. உலகிலிருந்த ஐம்பது 787 விமானங்களும் தரையிறக்கப்பட்டன; ஏர் இந்தியாவின் ஆறும் அவற்றுள் அடங்கும். மின்கலத்தைச் சுற்றி எஃகுப் பெட்டி வைத்து, புகை வெளியேற வழியும் செய்த பிறகே மீண்டும் பறந்தன. மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது சரியான செயலே.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787-8 விமானம் விழுந்து, விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் உயிரிழந்தார்கள். அதன் காரணத்தை ஆராய்ந்து சொல்வது விசாரணையாளரின் பணி. அதை ஊகித்துப் பேசுவது நம் வேலையன்று. ஆனால் ஒன்று சொல்லலாம். இக்கட்டுரையில் வரும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

முடிவுரை

எது சிறந்த விமானம் என்ற கேள்வியில் ஒரு சொல் குறைகிறது. எந்தப் பயணத்துக்குச் சிறந்தது என்று கேட்க வேண்டும். எவ்வளவு தூரம், எத்தனை பேர், எந்த விமான நிலையம், டிக்கெட் விலை என்ன என்று தெரிந்த பிறகே விடை சொல்ல முடியும். லண்டனுக்கு வீணானது, துருவத்தைக் கடக்க உதவிற்று. ஐந்நூறு பேரை மகிழ்வித்தது, முந்நூறு பேருக்குப் பெரிதாயிற்று.

இனி ஒரு விமானத்தைப் பற்றியோ, வேறு எந்தப் பொருளைப் பற்றியோ, "இதில் எல்லாம் இருக்கிறது" என்று யாரேனும் புகழ்ந்தால், "இதற்காக எதைக் கொடுத்தார்கள்?" என்று மரியாதையாகக் கேட்போம். இங்கே நான் போட்ட கணக்குகள் யாவும் கூட்டலும் கழித்தலும் வகுத்தலும்தான். நமக்குத் தெரியாத கணக்கு ஒன்றும் இல்லை. மேல்வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுக்கலாமா என்று தயங்கும் தோழியர் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.